தேதி போட்ட அறை

அலாரம் அலறியது.

வினோதினி அப்போதுதான் வரவேற்பறைக்குள் கால் வைத்திருந்தாள். நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில், ஓர் அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு துடித்தது. பல் டாக்டரின் மெஷினைப் போல அந்தச் சத்தம் காதைக் குடைந்தது.

யாரும் ஓடவில்லை.

வரவேற்பு மேஜைப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தள்ளுவண்டியில் கஞ்சிக் கிண்ணங்களோடு வந்த நர்ஸ், அந்த அறையைத் தாண்டி அடுத்த அறைக்குள் போனாள். நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"ஏம்மா, அங்க அலாரம் அடிக்குது, கேக்கலையா?" என்றாள் வினோதினி.

"அது தேதி போட்ட ரூமுங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "அடிச்சு அடிச்சு அதுவா நின்னுரும். நீங்க யாரைப் பார்க்கணும்?"

வினோதினி அலாரம் அடித்த அறைக்கு ஓடினாள்.

அறை மிகச் சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை நீலமாகத் தெரிந்தது. எங்கிருந்தோ மெல்லிசாக வீணை இசை. வெள்ளை விரிப்பில், எழுபத்தைந்தைத் தாண்டிய ஓர் அம்மாள் பாதிக் கண் மூடிக் கிடந்தார். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. ஆய்வு அலுவலர் ஆவதற்கு முன் வினோதினி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அந்த அம்மாளின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தாள். விட்ட பிறகும் தோல் கூடாரம் போல அப்படியே நின்றது.

உடம்பில் தண்ணீர் இல்லை.

தலைமாட்டுத் திரையில் பெயர் இருந்தது. தெய்வானை. அதன் கீழே அழகான எழுத்தில் ஒரே ஒரு சொல். வியாழன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"நாளைக்குத்தானே மேடம் வர்றதாச் சொல்லியிருந்தீங்க?"

வாசலில் டாக்டர் பரணீதரன் நின்றார். 'அந்தி நிழல்' முதியோர் இல்லத்தின் தலைமை மருத்துவர், நிர்வாகி, பங்குதாரர். நெற்றியில் விபூதி, கையில் டேப்லெட், முகத்தில் விருந்தாளியை வரவேற்கும் சிரிப்பு.

"நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னிக்கு வர்றதுதான் டாக்டர் ஆய்வு. இந்த அம்மாவுக்கு ஏன் டிரிப்ஸ் போகலை?"

"தேதி வந்துருச்சே மேடம். வாங்க, முதல்ல இல்லத்தைச் சுத்திப் பாத்துருங்க. அப்புறம் உக்காந்து பேசலாம்."

அவர் சுவரில் எதையோ அழுத்தினார். அலாரம் நின்றது.

*

சுற்றிப் பார்த்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. தீயணைப்புக் கருவிகள் காலாவதியாகாமல் இருந்தன. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளங்கள் சரியான சரிவில் இருந்தன. சமையலறையில் ரசம் கொதித்தது. குளியலறைத் தரையில் வழுக்கவில்லை. பெரியவர்கள் பளிச்சென்று உடுத்தி, கேரம் ஆடினார்கள்; ஒருத்தர் காயைத் திருட, இன்னொருத்தர் அவருடைய பரம்பரையையே திட்டினார். கோயம்புத்தூர் சுற்றுவட்டாரத்தில் வினோதினி பார்த்த எந்த இல்லமும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அதனால்தான் அவளுக்குச் சந்தேகம்.

"உங்க இல்லத்துல மூணு வருஷமா ஒரு தேதிகூடத் தப்பலை டாக்டர்" என்றாள். "மத்த இல்லங்கள்ல நாலுல ஒண்ணு தப்புது. அதே கட்டில், அதே கம்பெனி."

"நாங்க கட்டிலை நல்லா மெயின்டெய்ன் பண்றோம்."

"கட்டிலையா? மனுஷங்களையா?"

அந்தக் கட்டில் வருவதற்கு முன் நாடு எப்படி இருந்தது என்று வினோதினிக்குத் தெரியும். வெளிநாட்டுப் பிள்ளைக்குப் போன் போகும். அவன் அடித்துப் பிடித்து வந்து இறங்கும்போது அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்து கிடப்பார். உயிர் இருக்கும்போதே வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்ற முடியவில்லையே என்று அவன் ஆயுசு முழுக்க அழுவான். பால் ஊற்ற ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தாள் என்ற பேச்சுக்கு இந்த ஊரில் இன்னும் அவ்வளவு கூர்மை இருந்தது.

பிறகு முன்கணிப்புக் கட்டில் வந்தது. மெத்தைக்குள் இருக்கும் உணரிகள் மூச்சு, நாடி, வியர்வை, தூக்கம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் படிக்கும். முடிவு நெருங்கினால் நாலு நாள் முன்னதாகத் தேதி சொல்லும். பிள்ளைகள் பறந்து வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். பால் ஊற்றினார்கள். கம்பெனிகள் 'கடைசி லீவு' என்று ஒன்றைக் கொண்டுவந்தன. அரசாங்கம் துல்லியமாகத் தேதி சொல்லும் இல்லங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தது.

"தேதி வந்ததும் என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் வினோதினி.

"அமைதி சிகிச்சைக்கு மாத்துவோம். ஊசி, டிரிப்ஸ், டியூப் எல்லாத்தையும் எடுத்துருவோம். லேசா மயக்க மருந்து. சாகப் போறவங்களைக் குத்திக் குத்தி எதுக்கு மேடம் இம்சை பண்ணணும்?"

"தண்ணி?"

"கேட்டாக் குடுப்போம்."

"மயக்க மருந்து போட்டவங்க எப்படிக் கேப்பாங்க?"

டாக்டர் டேப்லெட்டைத் துடைத்தார்.

"ஆக, கட்டில் தப்பாச் சொன்னாலும் நாலு நாள்ல அது சரியாயிடும்" என்றாள் வினோதினி. "நான் விருதுநகர்க்காரி டாக்டர். எங்க பக்கம் அந்தக் காலத்துல வயசானவங்களை அனுப்பி வைக்கத் தலை நிறைய எண்ணெயும், குடம் குடமா இளநீரும் செலவழிச்சாங்க. உங்களுக்கு அந்தச் செலவுகூட இல்லை."

பரணீதரனின் சிரிப்பு முதல் தடவையாகக் கழன்றது.

"தேதிக்கு நட்சத்திரம் குடுக்கறது உங்க ஆபீஸ்தானுங்களே மேடம்? அந்த மூணு வருஷத்துக்கு முன்னாடி, கட்டில் வந்த முதல் வருஷம் எங்களுக்கு ரெண்டு தேதி தப்புச்சு. உங்க ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டாங்க. செத்தவங்களுக்கு இல்லை. சாகாதவங்களுக்கு."

வினோதினி தெய்வானையின் அறைக்குத் திரும்பி நடந்தாள். அந்த அம்மாளின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது. அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. சிறுநீரில் கிருமித் தொற்று. காய்ச்சல் இல்லாமல் ஆளை அப்படியே அமுக்கிப் போடுகிற வகை, வயதானவர்களுக்குச் சகஜம். ஊசி போட்டால் ஒரு வாரத்தில் எழுந்து உட்காரும் வியாதி.

"கட்டில் இதைச் சாவுன்னு படிச்சிருக்கு" என்றாள். "டிரிப்ஸை ஏத்துங்க. மயக்க மருந்தை நிறுத்துங்க. ஆன்டிபயாடிக் போடுங்க. இது உத்தரவு."

"குடும்பத்தோட சம்மதம் வேணும் மேடம்."

"குடும்பம் எங்க?"

"கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருக்காங்க."

*

தெய்வானையின் ஒரே மகன் திருமூர்த்தி அன்று காலைதான் கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்தான். கண்கள் சிவந்து, முகம் வீங்கி, டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய தாய்மாமா அங்கமுத்து ஒரே சமயத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சாமியானா வியாழக்கிழமை சாயந்திரத்துக்குங்க... ஆமாங்க, நாக்காலி எரநூறு போட்ருங்க" என்று ஒன்றில். "ஐஸ் பொட்டிக்காரன் வந்துட்டானா?" என்று மற்றொன்றில்.

வினோதினி விஷயத்தைச் சொன்னாள்.  திருமூர்த்தி டீக் கோப்பையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"அம்மா பொழைச்சுக்குவாங்களா?"

"வாய்ப்பு இருக்கு. சம்மதம் சொல்லுங்க, உடனே ஆரம்பிக்கறோம்."

"எதுக்குங்க சம்மதம்? போடுங்க மேடம், உடனே போடுங்க!" அவன் குரல் உடைந்தது. "ரெண்டு நாளா நான் அழுதுட்டே வந்தனுங்க. மூணு பிளைட். பக்கத்து சீட்டுக்காரன் எனக்கு அவனோட பிரெட்டைக் குடுத்தான்."

அங்கமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், சொந்தபந்தத்துக்கெல்லாம் வியாழக்கிழமைன்னு சொல்லிப்போட்டமுங்களே. உடுமலையில இருந்து ஒரு பஸ்ஸே கெளம்புது. இப்பப் பொழைச்சுக்கிட்டாங்கன்னு எப்படிங்க திருப்பிச் சொல்றது?"

"சந்தோஷமாச் சொல்லுங்க."

"சொல்லலாமுங்க" என்றார் அவர், சந்தேகமாக. "ஆனா அடுத்த தடவை எவனும் வரமாட்டானுங்களே."

"மாமா!" என்று கத்தினான் திருமூர்த்தி.

டிரிப்ஸ் ஏறத் தொடங்கியது. வினோதினி அன்று முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். தான் எழுந்து போனால் குழாயை யாராவது அடைத்துவிடுவார்கள் என்ற பயம். வியாழக்கிழமையைத் தாண்டி இந்த அம்மாள் மூச்சு விட்டால், கட்டில் பொய் சொன்னது நிரூபணமாகும். மூன்று வருஷத்துச் சாவுகளை எல்லாம் தோண்டி எடுக்கலாம். தாண்டாவிட்டால், இன்னொரு சரியான தேதி.

பொழுது சாயும்போது தெய்வானை கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏஞ்சாமி, எளைச்சுப் போயிட்ட" என்றார். "அங்க சோறே போட மாட்டாங்களா?"

திருமூர்த்தி தரையில் மண்டியிட்டு, அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். நர்ஸ் ரோஷினி திரும்பி நின்று மூக்கைத் துடைத்தாள்.

*

புதன்கிழமை காலை தெய்வானை இரண்டு இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பு இல்லை என்றார். திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவர். ஒரு தையல் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். ரோஷினியின் கோட்டுப் பையைப் பிடித்து இழுத்து, "இந்த ஓரம் பிரியுது பாரு கண்ணு. எவன் தெச்சான் இதை? எங்கிட்ட வந்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்" என்றார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கமுத்துகூட.

"அக்கா, உனக்கு நேத்து வரைக்கும் சாமியானா ரெடிக்கா!"

"எத்தனை நாக்காலி?"

"எரநூறு."

"போதாதுடா" என்றார் தெய்வானை. "உம்பட சம்சாரம் வீட்டாளுகளே நூறு பேரு வந்து உக்காருவாங்க."

வினோதினிக்கு மூன்று வருஷமாக அலுவலகத்தில் கிடைக்காத ஒரு நிம்மதி அந்தச் சிரிப்பில் கிடைத்தது. தன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, 'அந்தி நிழல்' கட்டில்களை முடக்க உத்தரவு கேட்டாள். மறுநாள் காலை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, திருமூர்த்தி கதவோரம் நின்றிருந்தான். ஏதோ கேட்க வந்து, கேட்கத் தயங்குகிறவனின் நிற்பு.

"மேடம், அம்மா இனி எவ்வளவு நாள் இருப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்? இருதயம் கொஞ்சம் வீக்கா இருக்கு. ஆறு மாசம் இருக்கலாம். மூணு வருஷமும் இருக்கலாம்."

"அப்ப மறுபடியும் தேதி வரும்."

"எப்பவாவது வரும். எல்லாருக்கும் வரும்."

அவன் தலையைக் கோதிக்கொண்டான். "கடைசி லீவு, ஒரு அம்மாவுக்கு ஒரு தடவைதானுங்க மேடம். நான் எடுத்துட்டேன். நேத்தே எங்க கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், இது தப்பான தேதி, திருப்பி வரவு வைங்கன்னு. முடியாதுன்னுட்டாங்க. எடுத்தது எடுத்ததுதானாம். சும்மா வர்றதுக்கு லீவு கிடையாது. வேலையை விட்டுட்டு வந்தா விசா போயிரும். அங்க பொண்ணு படிச்சிட்டிருக்குங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லைங்க." அவன் அவசரமாகச் சொன்னான். "நான் அப்படி எதுவும் நினைக்கலைங்க மேடம். சத்தியமா நினைக்கலை. அம்மா பொழைச்சாங்களே, அதுவே போதும். ஆனா நெசமாப் போற அன்னிக்கு நான் இருக்க மாட்டேன். மாமாதான் இருப்பாரு. அதைத்தான்... சும்மா சொன்னனுங்க."

"எப்பத் திரும்பணும்?"

"ஞாயித்துக்கிழமைங்க."

அவன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளே தெய்வானை ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் வினோதினி நினைத்தாள்.

*

வியாழக்கிழமை காலை உத்தரவோடு வினோதினி வந்தபோது வாசலில் ஒரு பஸ் நின்றது. உடுமலைச் சொந்தங்கள். சாக இருந்தவர் பிழைத்துக்கொண்டார் என்ற செய்தி வந்தும், புறப்பட்டது புறப்பட்டதுதான் என்று வந்துவிட்டவர்கள். வெள்ளைப் புடவைகள், கைப்பைகள், ஒரு பெரிய பாத்திரத்தில் புளிசாதம். மரத்தடியில் உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். அறைக்குள் நுழைந்ததும் நின்றாள்.

டிரிப்ஸ் குழாய் கழன்று, கம்பியில் ஒழுங்காகச் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. தெய்வானை கண் மூடிக் கிடந்தார். மூச்சு மேலோட்டமாக வந்தது. தலை வாரி, நெற்றியில் விபூதி இட்டிருந்தது. கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருமூர்த்தி அம்மாவின் கைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் மூடி போட்ட ஒரு வெள்ளி டம்ளரில் பால்.

வினோதினி வெளியே பாய்ந்தாள். பரணீதரன் எதிரே வந்தார். அவர் தூங்கியதாகத் தெரியவில்லை.

"யாரு கழட்டினது? நீங்களா? இல்லை, அந்தப் பையன் சொன்னானா?"

"மெதுவாப் பேசுங்க மேடம்."

"இது கொலை. நான் இன்னிக்கே போலீசைக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடுங்க. நேத்து சாயந்திரத்துல இருந்து ரோஷினி நாலு தடவை ஊசியை ஏத்திட்டா. நாலு தடவையும் கழண்டிருந்துச்சு. சோறு வேண்டாம். மாத்திரை வேண்டாம். வாயைத் திறக்கவே மாட்டேங்கறாங்க." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "முதல் வருஷம் ரெண்டு தேதி தப்புச்சுன்னு சொன்னேனே, அதுக்கு அப்புறமும் கட்டில் தப்பாத்தான் சொல்லுச்சு மேடம். நானும் உங்களை மாதிரி தண்ணி குடுத்து எழுப்பிப் பாத்தேன். எழுந்தாங்க. சாப்பிட்டாங்க. புள்ளைங்களைப் பாத்தாங்க. அப்புறம் இப்படித்தான். தாகத்துல அவங்க தவிக்கறதைப் பாக்க முடியாமத்தான் மயக்க மருந்து போட ஆரம்பிச்சேன். அப்புறம் எல்லாருக்கும் அதுவே வழக்கமாயிருச்சு."

"நான் நம்பலை."

"நம்ப வேண்டாம். உள்ள போய் அவங்ககிட்டயே கேளுங்க."

அவள் உள்ளே போனாள். கட்டிலின் மறுபக்கம் குனிந்து, ஒரு ஸ்பூன் தண்ணீரை எடுத்துத் தெய்வானையின் உதட்டருகே கொண்டுபோனாள். உதடுகள் இறுக மூடிக்கொண்டன. தண்ணீர் கடைவாயோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

"ஏம்மா?" வினோதினி தலையணையைத் துடைத்தாள். "நேத்து நல்லா இருந்தீங்களே. சாப்பிட்டீங்க, சிரிச்சீங்க. இன்னும் வருஷக்கணக்கா இருக்கலாம். கொஞ்சம் தண்ணி குடிங்க. உங்க பையனுக்காகவாவது."

தெய்வானை கண்ணைத் திறந்தார். பார்வையில் மயக்கம் ஏதும் இல்லை. முந்தின நாள் ரோஷினியின் கோட்டுப் பையைப் பார்த்த அதே தெளிந்த கண்கள். சுதந்திரமாக இருந்த கையை மெல்ல நகர்த்தி, தூங்கும் மகனின் தலைமுடிமேல் வைத்தார். அவன் எழுந்துவிடாதபடி, வெடித்த உதடுகளை லேசாக அசைத்து, வினோதினிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இன்னொருக்கா அவனுக்கு லீவு குடுக்க மாட்டாங்களாமுங்க அம்மணி... வந்திருக்கறப்பவே போயர்றேன்."